இடது கைக்கு ஒரு கத்தி

ஒசாகாவின் தென்னோஜி ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைப் பெட்டி டிராம் ஒன்று மெதுவாக வந்து நிற்கும். ஹங்கை டிராம் என்று பெயர். ஒசாகா மாநிலத்தில் மிச்சமிருக்கும் டிராம் இது ஒன்றுதான். 1928-ல் செய்த பெட்டிகள்கூட இன்னும் ஓய்வு பெறவில்லை. குளிர்சாதன வசதி இல்லாததால் வெயில் காலத்தில் மட்டும் அவற்றுக்கு விடுப்பு! சந்துக்குள் புகுந்து, வீட்டுக் கொல்லைப்புறங்களை ஒட்டி நகர்ந்து, யமாட்டோ ஆற்றைத் தாண்டியதும் இன்னொரு ஊர் தொடங்குகிறது. அதுதான் சக்காய்.

சுற்றுலாக் கையேடுகளில் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். சக்காய்க்கு ஓரமாக நாலு வரி. ஆனால், ஜப்பானில் சமையலைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அந்த நாட்டின் ஹோட்டல் சமையல்காரர்கள் கையில் இருக்கும் கத்திகளில் பத்துக்கு ஒன்பது இந்த ஊர்க் கத்தி என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பச்சை மீனைக் கண்ணாடி மாதிரி சீவித் தட்டில் அடுக்குகிறார்களே, அந்தக் கத்தி பெரும்பாலும் இங்கிருந்து போனதுதான்.

அதனால், தன் கைக்கென்றே அளவு கொடுத்துக் கத்தி செய்துகொள்ள வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மியோகோகுஜிமே நிறுத்தத்தில் இறங்கி, கையில் வரைபடத்தோடு தெருத் தெருவாக நடக்கிறார்கள். அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கும். பழைய பட்டறை, அதில் நரைத்த தாடிக் கொல்லர், ஒரு கையில் சம்மட்டி. இரும்பைத் தீயில் வாட்டி, அடித்து, தீட்டி, பிடி போட்டு, கடைசியில் இரண்டு கைகளாலும் ஏந்தித் தருவார் என்று.

அப்படி ஒருவரைத் தேடினால் சக்காயில் லேசில் கிடைக்க மாட்டார். காரணம், இந்த ஊரில் ஒரு கத்தியை முழுசாகச் செய்பவர் என்று பொதுவாக யாரும் இல்லை.

இரும்பை அடிப்பவர் ஒருவர். அவர் தீட்ட மாட்டார். தீட்டுபவர் இன்னொருவர், அவர் உலைப் பக்கமே போக மாட்டார். கைப்பிடி செய்பவர் வேறு. இவர்கள் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்து, பிடியைப் பொருத்தி, பெயர் பொறித்து விற்பவர் கடைக்காரர். நாலு தொழில், நாலு கூரை. ஒரே கத்தி, காகிதத்தில் சுற்றப்பட்டு வீடு வீடாகப் பயணம் போய்த்தான் கத்தியாகிறது. நூற்றாண்டுகளாக இதுதான் ஏற்பாடு. ஒருவர் ஒரே வேலையை நாற்பது வருஷம் செய்தால் அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இருக்காது என்பது இவர்கள் கணக்கு.

சக்காய்க்கும் இரும்புக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. ஊருக்குள்ளேயே 486 மீட்டர் நீளத்தில், மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரம் போலத் தெரியும் ஒரு சமாதி மேடு இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நின்டோக்கு பேரரசருடையது என்று சொல்லப்படும் இதையும், சுற்றியுள்ள சமாதிகளையும் 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு மண்ணை வெட்டிக் குவிக்க எத்தனை மண்வெட்டி, எத்தனை கடப்பாரை வேண்டியிருந்திருக்கும்! அவற்றைச் செய்ய வந்த கொல்லர்களின் வழிதான் இந்தத் தொழில் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

கத்திக்குப் பெயர் வந்தது புகையிலையால். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் புகையிலையையும் துப்பாக்கியையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். சக்காய் இரண்டையும் பிடித்துக்கொண்டது. ஒரு தெருவில் துப்பாக்கிக் குழல் செய்தார்கள், இன்னொரு தெருவில் புகையிலையை நூல் மாதிரி சீவும் கத்தி. சக்காய்க் கத்தியின் கூர்மையைப் பார்த்த டோக்குகாவா அரசு, அதற்குத் தனி முத்திரையே கொடுத்தது. அந்த முத்திரையோடு கத்திகள் நாடு முழுக்கப் போயின. துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் பழைய வீடு இன்றும் நிற்கிறது. 2024 முதல் அது அருங்காட்சியகம். 1945-ல் குண்டுவீச்சில் சக்காயின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானபோது, வடக்கு மூலையில் தப்பித்த சில தெருக்களில் அதுவும் ஒன்று.

மீன் தலையை வெட்டும் தடித்த கத்திக்கு 'தேபா' என்று பெயர். அந்தச் சொல்லின் ஒலிக்குப் 'பல் எடுப்பானவர்' என்றும் ஒரு பொருள் உண்டு. அதை முதலில் செய்த சக்காய்க் கொல்லருக்குப் பல் எடுப்பாக இருந்ததாம். ஊர் வைத்த கேலிப் பெயர் கத்திக்கு நிலைத்துவிட்டது என்று கதை. பாவம், அந்த மனிதரின் சொந்தப் பெயர் யார் நினைவிலும் இல்லை.

இப்போது கத்தி செய்துகொள்ள வருபவர் விஷயத்துக்கு வருவோம். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவராக இருந்தால்தான் சக்காயின் முழுக் கெட்டிக்காரத்தனமும் தெரியும்.

நம் வீட்டுச் சமையலறைக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. எந்தக் கையால் பிடித்தாலும் அது கவலைப்படாது. ஜப்பானின் பாரம்பரியக் கத்தி அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவு. மறு பக்கம் பார்க்கத் தட்டை போலிருக்கும், ஆனால் லேசாகக் குழிந்திருக்கும். வலது கைக்காரர் பிடித்தால் சரிவு வலப் பக்கம் இருக்கும். மீனைச் சீவும்போது அந்தச் சரிவு துண்டை வெளிப்பக்கம் தள்ளிவிடும், பின்புறக் குழிவால் மீன் கத்தியோடு ஒட்டிக்கொள்ளாது. வெட்டிய இடம் பளபளவென்று இருக்கும். அதே கத்தியை இடது கையில் கொடுத்தால் எல்லாம் தலைகீழ். கத்தி நேராக இறங்காது, போகக் கூடாத பக்கமாக இழுக்கும். துண்டின் தடிமன் மேலே ஒரு மாதிரியும் கீழே இன்னொரு மாதிரியும் ஆகிவிடும். வெட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி.

இதற்கு ஜப்பானியச் சமையலறைகள் வெகு காலம் கண்டுபிடித்து வைத்திருந்த தீர்வு எளிமையானது: கையை மாற்றிக்கொள்! வேலைக்குச் சேரும் பையன் இடது கைக்காரன் என்றால், கத்தியை வலது கையில் திணித்துப் பழக்கிவிடுவார்கள். வீட்டில் குச்சியால் சாப்பிடும்போதே அம்மாக்கள் தொடங்கிவிடும் வேலை இது. 'அந்தக் கையை எடு' என்று அதட்டு வாங்கி வளர்ந்த இடது கைக்காரர்கள் நம்மூரிலும் உண்டு, அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரிசையாக நின்று வேலை செய்யும் குறுகலான சமையலறையில் ஒருவர் மட்டும் இடது கையை வீசினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் இடிக்கும் என்று காரணமும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால், கண் சொல்வதைக் கை கேட்க ஒரு நொடி தாமதிக்கும் வேதனையோடு காலம் முழுக்க வேலை செய்தவர்கள் எத்தனை பேரோ!

அப்படிப்பட்ட ஒருவர் தன் கைக்கென்று ஒரு கத்தி கேட்டுச் சக்காய்க் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உடனே கத்தியை எடுத்துக் காட்ட மாட்டார். கேள்விகள் கேட்பார். என்ன வெட்டுவீர்கள், மீனா, காயா? ஹோட்டலா, வீடா? பலகை எவ்வளவு அகலம்? நீங்களே தீட்டுவீர்களா, தீட்டக் கொடுப்பீர்களா? வெட்டி முடித்ததும் துடைத்து வைக்கிற பழக்கம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அதுதான் முக்கியம். கார்பன் எஃகுக் கத்தி நம் பழைய இரும்பு அரிவாள்மனையின் சொந்தக்காரன். எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே போட்டால் கறுத்துவிடும், ஈரத்தோடு ஓர் இரவு வைத்தால் துருப் பிடித்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவருக்குத் துருப்பிடிக்காத எஃகையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல கடைக்காரர் சொல்லிவிடுவார்.

பிறகு கையைப் பார்ப்பார். நீளம் 240 மில்லிமீட்டரா, 270-ஆ, 300-ஆ? மீன் சீவும் 'யனாகிபா' அலரி இலை மாதிரி நீண்டு ஒடுங்கியது. தீட்டத் தீட்டத் தேய்ந்து, பல வருஷத்தில் 300 மில்லிமீட்டர் கத்தி 240-க்கு வந்து நிற்கும். எனவே வாங்கும்போதே தேய்மானத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். குழந்தைக்குச் சட்டை எடுப்பதன் நேர் எதிர்க் கணக்கு!

இடது கை என்றதும் கடைக்காரர் இரண்டு விஷயங்களைச் சொல்வார். விலை கூடும், பொதுவாக ஒன்றரை மடங்கு. காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில். கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். இடது கைக்காரர் என்பதற்கு அபராதமா? இல்லை. காரணம் பட்டறையில் இருக்கிறது.

கொல்லரின் பட்டறை பகலிலும் இருட்டாக இருக்கும். மின்விளக்குக்குப் பஞ்சம் என்று நினைக்க வேண்டாம். இரும்பின் சூட்டை அதன் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். வெளிச்சம் இருந்தால் நிறம் ஏமாற்றும். கத்தி முழுவதும் எஃகு அல்ல. மிருதுவான இரும்புப் பட்டை ஒன்று, அதன் மேல் கடினமான எஃகுத் துண்டு ஒன்று. நடுவில் வெண்காரமும் இரும்புத் தூளும் தூவி, உலையில் வைத்து, பழுத்ததும் அடித்து ஒன்றாக்குகிறார்கள். எஃகு மட்டும் என்றால் எளிதில் ஒடியும், தீட்டுவதும் கடினம். இரும்பு மட்டும் என்றால் கூர் நிற்காது. எஃகு பெரும்பாலும் ஷிமானே மாநிலத்து யசுகி ஊரிலிருந்து வருவது. அதற்கு 'வெள்ளைக் காகிதம்', 'நீலக் காகிதம்' என்று பெயர்கள். ஏதோ ரகசியக் குறியீடு என்று தோன்றும். ஆலையில் எந்த ரகத்துக்கு எந்த நிறக் காகிதம் ஒட்டினார்களோ, அதுவே பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

வலது கைக் கத்தியில் எஃகு இடப் பக்கம் இருக்க வேண்டும். இடது கைக் கத்தியில் வலப் பக்கம். ஆக, பிடித்த பட்டையில் எந்த ஓரத்தைக் கூராக இழுப்பது என்பதே மாறிப்போகிறது. முப்பது வருஷமாக ஒரே திசையில் அடித்துப் பழகிய தோளும் மணிக்கட்டும் திடீரென்று கண்ணாடிக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டும். அடி பிசகினால் எஃகும் இரும்பும் சேரும் கோடு வளைந்துவிடும்.

கடைசியில் தோய்க்கும் கட்டம். கத்தியின் மேல் களிமண் குழம்பைப் பூசி உலர்த்தி, 800 டிகிரி செல்சியஸை நெருங்கும் வரை சூடாக்கி, சரியான செம்மை வந்த நொடியில் தண்ணீரில் இறக்குகிறார்கள். எஃகு ஒரு மாதிரியும் இரும்பு இன்னொரு மாதிரியும் சுருங்கும், கத்தி வளையும். சில சமயம் விரிசல் விட்டுவிடும். விட்டால், அத்தனை நாள் வேலையும் பழைய இரும்புக்குத்தான். தப்பித்ததை மறுபடி மிதமான சூட்டில் வாட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்குவார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கத்தியின் முதுகை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள், இரண்டு தட்டு, மறுபடி ஒரு பார்வை. வலப் பக்கமாக வளையும் கத்திகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதிர்ப்பக்கம் வளையும் கத்தி ஒரு புதுப் பாடம்.

அங்கிருந்து தீட்டுபவர் வீட்டுக்கு. கறுப்பாய், கூரே இல்லாத ஓர் இரும்புத் தகடுதான் அவரிடம் வந்து சேர்கிறது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே சுழலும் பெரிய சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, மரப்பிடியில் கத்தியைப் பொருத்தி அழுத்துகிறார். உடம்பு முழுக்கச் சேறு தெறிக்கும். நம்மூரில் சைக்கிளில் வந்து சாணை பிடித்துத் தருபவரை நினைத்துக்கொண்டு போனால் அசந்துபோவீர்கள். கரடான கல்லில் தொடங்கி, மேலும் மேலும் மென்மையான கல்லுக்கு மாறி, கடைசியில் இரும்புப் பகுதி மூடுபனி படர்ந்ததுபோல மங்கலாகவும் எஃகுப் பகுதி பளிச்சென்றும் பிரிந்து தெரியும் வரை விட மாட்டார். கத்தி சூடேறிவிட்டால் கொல்லர் கொடுத்த உறுதி போய்விடும் என்பதால்தான் அந்தத் தண்ணீர். இடது கைக் கத்திக்கு இவரும் சரிவை மறுபக்கம் எடுக்க வேண்டும், அழுத்தும் விரல்கள் இடம் மாற வேண்டும். பத்து வருஷம் கற்றுக்கொண்டதை ஒரு கத்திக்காகத் திருப்பிப் போட வேண்டும்.

கைப்பிடியிலும் கை பார்க்கிறார்கள். மக்னோலியா இனத்தைச் சேர்ந்த 'ஹோ' என்ற மரம், கழுத்தில் எருமைக் கொம்புப் பூண். மரம் லேசானது, தண்ணீரில் ஊறினாலும் வழுக்காது. பிடி எண்கோணமாக இருந்தால் எந்தக் கைக்கும் ஒத்துவரும். ஒரு பக்கம் மட்டும் மேடு வைத்த பிடி என்றால், விரல்கள் மடங்கும் இடத்தில் அந்த மேடு வந்து உட்கார வேண்டும். இடது கைக்காரருக்கு மேடு இடப் பக்கம். கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் செருகி, பிடியின் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். தட்டத் தட்ட, கத்தி தானாக உள்ளே ஏறிக்கொள்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிடி பழசானால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். கத்திக்குத்தான் ஆயுசு, பிடிக்கு இல்லை.

ஒன்றரை மடங்கு விலையின் கணக்கு இதுதான். ஒரு வாடிக்கையாளரின் இடது கைக்காகச் சக்காயில் ஒவ்வொரு பட்டறையாக வலது கைப் பழக்கத்தை விட்டுக்கொடுக்கிறது. கையை மாற்றிக்கொள் என்று சமையலறை அந்த மனிதரிடம் சொன்னதை, இங்கே அவருக்காகக் கத்திக்காரர்கள் செய்கிறார்கள்.

கத்தியில் இவர்களில் யார் பெயரும் பெரும்பாலும் இருக்காது. கடையின் பெயரே பொறிக்கப்படும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இப்போது கொல்லரின் பெயரைக் கேட்டுத் தேடி வருகிறார்கள். அதனால் சில கடைகள் அடித்தவர் இன்னார், தீட்டியவர் இன்னார் என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம்தான். கத்திக்கு இத்தனை கிராக்கி இருந்தும் காத்திருப்பு மாதக்கணக்கில் நீள்வதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம். உலைச் சூட்டிலும் சக்கரத்துச் சேற்றிலும் பத்து வருஷம் உட்கார இளைஞர்கள் எளிதில் வருவதில்லை. வெகு காலம் நிழலில் இருந்த பெயர்கள் வெளியே தெரிந்தால், வருகிற ஒன்றிரண்டு பேருக்காவது உற்சாகமாக இருக்கும்.

கத்தி செய்துகொள்ளும் உத்தேசம் இல்லாதவர்களும் பார்க்க ஓர் இடம் உண்டு. மியோகோகுஜிமே நிறுத்தத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சக்காயின் பாரம்பரியக் கைவினைப் பொருள்களுக்கான அருங்காட்சியகம். 1982-ல் ஜப்பான் அரசு பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்த இந்தக் கத்திகளை வகை வகையாக வைத்திருக்கிறார்கள். விலாங்கு மீனுக்கு ஒன்று, முள் நிறைந்த மீனுக்கு ஒன்று, நூடுல்ஸ் வெட்ட ஒன்று, தர்பூசணிக்குக்கூட ஒன்று. குடும்பத்தோடு போனால், 'வீட்டில் இருக்கிற ஒரே கத்தியில் நான் எல்லாம் பண்ணலையா?' என்று யாராவது ஒருவர் கேட்பது நிச்சயம்.

சொன்ன கத்தி தயாரானதும் வாடிக்கையாளர் மறுபடி கடைக்கு வருகிறார். கடைசி வேலை பெயர் பொறிப்பது. சின்ன உளி, சின்னச் சுத்தியல். கடைக்காரர் காகிதத்தில் பெயரை எழுதிக் காட்டி, சரிதானா என்று கேட்பார். வலது கைக் கத்திக்கு வலப் பக்கம் முகம், இடது கைக் கத்திக்கு இடப் பக்கம். உளியை வைக்கும் முன் கத்தியை ஒரு முறை திருப்பிப் போட்டுக்கொள்கிறார். டிக், டிக், டிக் என்று எறும்பு ஊர்வதுபோல் எழுத்து நகர்கிறது. தப்பாக ஒரு கோடு விழுந்தால் அழிக்க முடியாது, கடையில் அந்த நேரம் யாரும் பேசுவதில்லை.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்ற பயம் ஜப்பானிலும் உண்டு. நம்மூரில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி. அவர்கள் பரிகாரம் வேறு. கத்தியைப் பெறுபவர் ஐந்து யென் நாணயம் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அது பரிசு அல்ல, விலைக்கு வாங்கியது! ஜப்பானிய மொழியில் ஐந்து யென்னும் உறவும் ஒரே ஒலி என்பதால் நாணயமும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

பிறகு காகிதம், அதன் மேல் அட்டைப் பெட்டி, அதன் மேல் ஒரு நாடா. வீடு போய்ச் சேரும் வரை பிரிக்காதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியனுப்புவார். தகுந்த காரணமில்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கத்தியைக் கையில் வைத்திருப்பது ஜப்பானில் குற்றம். விமானத்திலும் கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

ஆகவே, மாதக்கணக்கில் காத்திருந்தவர், அதைப் பிடித்துப் பார்க்கவும் முடியாமல் மறுபடி டிராமில் ஏறுகிறார். பெட்டி மடியில் இருக்கிறது. டிராம் யமாட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறது. அவருடைய இடது கை மட்டும், நாடாவின் முடிச்சை அவிழ்க்காமல், பெட்டியின் மேல் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.